அங்கம்மா சுட்ட வடை

கண்டி அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற அருணாசலம் பிள்ளைக்கு அன்று பதினாறாம் நாள் காரியம். கூரையில் படையல் வைத்து நேரமாகியும் ஒரு காக்கைகூட வரவில்லை.

“அம்மா சுட்ட வடைன்னா அப்பாவுக்கு உசுராச்சே! கண்டி முழுக்கப் பெருமை பேசுவாரே!” என்று மகன் சதாசிவம் கலங்கினான்.

“அண்ணனுக்கு ஏதோ மனக்குறை,” என்றாள் பிள்ளையின் தங்கை, அண்ணி அங்கம்மாவைப் பார்த்தபடி.

அங்கம்மா கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அப்படிப்பட்ட மனுஷன் பசியோடு போவதா? துக்கக்காரி படி தாண்டக் கூடாது என்பதையும் மறந்து, கொல்லைப்புறமாக இறங்கி, கோப்பிக்கொட்டை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் நிற்கும் உதுமான் நானாவின் கடைக்கு ஓடினாள்.

“நானா, வழக்கமான வடை குடுங்க. வீடு நிறைய சனம், இன்னைக்கு நானே சுட வேண்டியதாப் போச்சு. காக்காகூடத் தொடல!”

முப்பது வருடமாக இங்கே வாங்கி, வீட்டு அடுப்பைச் சும்மா புகையவிட்டு, தான் சுட்டதாகப் பரிமாறியவள் அவள்.

உதுமான் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு வடைகளைப் பொறுக்கினார்.

“இனிமே ஓரத்தைக் கருக விடத் தேவையில்ல, தங்கச்சி.”

“எதுக்குக் கருக விட்டீங்க?”

“ஐயாதான் சொன்னாங்க. ‘ரொம்ப நல்லாச் சுட்டுடாதே நானா. அப்புறம் கடை வடைன்னு நான் கண்டுபிடிச்சாகணும். பாவம், அவ முகம் வாடிப்போயிடும்’னு.”

“அடப் பாவி மனுஷா!”

வண்டிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அங்கம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.