பதினோரு சளி டப்பா

ரயிலுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. விருத்தாசலம் ஜங்ஷன் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறி இறங்கினாள் வளர்மதி.

பதினோரு பேரும் நடைமேடையில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒடிசாவிலிருந்து பீங்கான் பட்டறை வேலைக்கு வந்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை.

எல்லாம் அவள் வாயால் வந்த வினை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காசநோய்ப் பிரிவு. வெளிமாநிலத்திலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு, இருமல் இருக்கிறதோ இல்லையோ, சளியைச் சோதித்துவிட வேண்டும். நோய் உள்ளே கமுக்கமாக உட்கார்ந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. காலையில் முடிவு வந்தது. பதினோரு டப்பாவிலும் காசநோய்.

பதறிப்போய் முதலாளிக்குப் போன் போட்டாள். எல்லாரையும் கொஞ்சம் தனியாக வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். அந்தப் புண்ணியவான் ஒரே மணி நேரத்தில் டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தியதில் கெட்டது பதினோரு பேர் பிழைப்பு.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பதினொன்றுக்குப் பதினொன்றா? பன்னிரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கூத்து பார்த்ததில்லை. யாரோ ஒரே ஆள்தான் எல்லா டப்பாவிலும் துப்பியிருக்க வேண்டும்.

அந்த ஆள் கிடைத்தால் ஆறு மாதம் மாத்திரை, உயிர் தப்பிக்கும். மற்றவர்களை மறுபடி சோதித்து வேலைக்குச் சேர்த்துவிடலாம். ரயிலேறிவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

"யாரு துப்பினது? சொல்லுங்க, திட்டமாட்டேன்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

டப்பா கொடுக்கப் போன அன்று சாயங்காலம் நல்ல மரியாதை. பட்டறையின் ராத்திரி வாட்ச்மேன் பாவாடை அவளுடைய அப்பாதான். தொண்டையைச் செருமிக்கொண்டே நாற்காலி இழுத்துப் போட்டு, என் மகள்தான், பயப்படாதீர்கள் என்று புதிதாக வந்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டார். இருமலே இல்லாதவர்களுக்குச் சளி எங்கிருந்து வரும், ஒரு டப்பா காலியாகப் போனாலும் எனக்குத்தான் திட்டு விழும் என்று அவரிடம்தான் அவள் அலுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பதினொன்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.

ரயில் தூரத்தில் தெரிந்தது. எல்லாரும் எழுந்தார்கள்.

முன்னே திருப்பூரில் வேலை பார்த்ததால் சம்பா ஒருத்திக்குத்தான் கொஞ்சம் தமிழ் வரும். அவள் மட்டும் கிட்டே வந்தாள்.

"எங்களுக்கு எவ்ளோ பண்ணியும் சளி வரல அக்கா. ஐயாவுக்குத்தான் வந்துது. பொண்ணுக்குத் திட்டு விழக் கூடாதுன்னு எல்லாத்துலயும் ஐயாவே..." தயங்கினாள். "பாவம் ஐயா. அவருக்கு வேலை போயிடும்னுதான் நாங்க சொல்லல."

ஒரு வருஷமாக அந்த இருமலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சோறு போடும்போது கேட்டாள், பேத்தியை அவர் தூக்கிக் கொஞ்சும்போது கேட்டாள். வாட்ச்மேன் ஆகுமுன் முப்பது வருஷம் பட்டறையில் மண் அரைத்த தூசி இருமல் என்று அவர் சொன்னார். பீடியை விடுப்பா என்று இவள் சொன்னாள். ஊரில் ஒரு வாசல் விடாமல் ஏறி, இருமல் இருக்குதா என்று கேட்ட பாவி, சொந்த வூட்டில் கேட்கவில்லை.

ரயில் வந்து நின்றது. சம்பாவின் மூட்டையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, யாரும் ஏறக் கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போது போன் அடித்தது. அப்பா.

"கண்ணு, இப்பதான் தூங்கி எழுந்தேன். டெஸ்ட்டு நல்லபடியா முடிஞ்சிதா? உனக்கு ஒண்ணும் திட்டு வுழலியே?"

இல்லப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் இருமல் வந்துவிட்டது.

ரயில் கிளம்பிப் போன பிறகும் அந்த இருமல் நிற்கவில்லை. அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.