வெயில் பக்கம்

விடிந்தால் சுகந்தி வேலை மாற்றலாகி வேற்றூர் கிளம்ப வேண்டும். ‘போகாதே’ என்று கணவன் குமரகுரு ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று அவன் வாயையே பார்த்தபடி, கால்வாயோரத் தார்ப்பாதையில் ஆறு கிலோமீட்டர் நடந்துவிட்டாள். அவனோ பாதை வளையும்போதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறிக்கொண்டே வந்தான்.

“அண்ணே, ஒரே சைடா போங்க!” என்று சைக்கிளில் வந்தவர் மணியடித்துத் திட்டினார்.

“ஏங்க, நேரா நடக்கவே தெரியாதா உங்களுக்கு?” என்றாள் சுகந்தி.

“இல்லம்மா, உன் மேல வெயில் அடிக்குது.”

அவள் தன் புடவையைப் பார்த்தாள். தோளிலிருந்து கொசுவம் வரை அவனுடைய நிழல்.

அடுத்த வளைவில் அவனை முந்திக்கொண்டு அவள் வெயில் பக்கம் போனாள். அவளுடைய நிழல் அவன் தோள்வரைதான் எட்டியது. அவன் சற்றே குனிந்து நடக்கத் தொடங்கினான்.