அடுத்து எதை மாற்றலாம்?

கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கிதேயின் திட்டம் முழுக்க அதை நம்பித்தான் இருந்தது.

இனி கேம் ஆடும் கம்ப்யூட்டருக்கு ஒரு திருகாணிகூட வாங்க மாட்டேன் என்று சுசோக் அறுவடைப் பண்டிகையன்று, மாமியார் முன்னிலையில், மனைவி இன்ஹேயிடம் சத்தியம் செய்திருந்தான். சொந்த வீட்டுக்காக இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சத்தியத்தின் ஆயுள் முதல் பனி விழும் வரைதான் இருந்தது.

யோங்சான் கம்ப்யூட்டர்ச் சந்தையில் கடை வைத்திருந்த பியோ அண்ணன் ஒரு மாதிரியான வியாபாரி. கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். கலர் கலராக விளக்கு எரியும் விசிறியைக் கிதே ஆசையாகக் கையில் எடுத்தால், இதனால் உன் அறை அழகாகும், ஆட்டம் வேகமாகாது என்று பிடுங்கி வைத்துவிடுவார். முதலில் மெமரியை மாற்று, செலவு குறைவு, பலன் கண்கூடு என்றார். அடுத்து கிராபிக்ஸ் கார்டு. அதிலும் உன் பழைய மானிட்டருக்கு நடுத்தரமானதே போதும், அதற்குமேல் போட்டால் கழுதைக்குக் கற்பூரம் காட்டிய கதைதான் என்றார். கிதே தலையை ஆட்டிவிட்டு, நடுத்தரத்துக்கு இரண்டு படி மேலே உள்ள கார்டை வாங்கினான்.

சனிக்கிழமைகளில் இன்ஹே கல்யாண வீடியோ எடுக்கப் போய்விடுவாள். அந்த நேரமாகப் பார்த்து மெமரியைச் சட்டைப்பையிலும், பிறகொரு வாரம் கார்டைக் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவிலும் வைத்து வீட்டுக்குள் கடத்தினான். கழற்றிய பழைய பாகங்கள் போர்வைகளுக்கு அடியில் போயின. இன்ஹே எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அறையைத் துடைக்கும்போது கம்ப்யூட்டர்ப் பெட்டியையும் சேர்த்துத் துடைத்தாள், அவ்வளவுதான்.

புதுக் கார்டு வந்ததிலிருந்து ஆட்டத்தில் புல்லின் நுனி அசைவதுகூடத் தெரிகிறது என்று பியோவிடம் பூரித்துப் போய்ச் சொன்னான் கிதே. வசந்தம் வந்ததும் பிராசஸரின் மேல் ஆசை வந்தது. திறந்து பார்க்காமல் வைத்தியம் சொல்ல மாட்டேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா என்றார் பியோ. தூசி தட்டக் கொண்டுபோகிறேன் என்று கிதே சொன்னபோது, இன்ஹே லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு உதவினாள்.

பியோ மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"தம்பி, நான் உனக்கு வித்த கார்டு எங்க?"

உள்ளே பழைய கார்டு. பழைய மெமரி. இரண்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தன.

"அண்ணே, நேத்துகூட ஆடினேன். நல்லா ஓடுச்சே."

"அப்போ அந்தப் புல் எதுல அசைஞ்சுது?"

கிதே வீட்டுக்கு ஓடிப் போர்வைகளைப் புரட்டினான். அந்துருண்டை மட்டும்தான் இருந்தது. ஆக, திருடன் வீட்டை அறிந்தவன். இன்ஹேவுக்கு விஷயம் தெரிந்திருந்தால் இந்நேரம் வீடு இரண்டாகியிருக்கும். மிச்சம் இருப்பது அவளுடைய தம்பி ஜேவோன். வேலை தேடுகிறேன் என்று குளிர்காலம் முழுக்கக் கூடத்தில் படுத்துக் கிடந்தவன். சமீபத்தில் புது ஷூ வேறு வாங்கியிருந்தான்.

போலீசுக்கும் போக முடியாது, வீட்டிலும் சொல்ல முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. ஒரு வாரம் கிதே மச்சானோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பொறுக்க முடியாமல், அவனைப் பன்றிக்கறி சுடும் கடைக்கு அழைத்துப் போய் சோஜு மது ஊற்றிக் கொடுத்தான்.

"உண்மையைச் சொல்லு மச்சான். என் கம்ப்யூட்டரைத் தொட்டியா?"

ஜேவோன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரே ஒரு தடவை அத்தான். ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். திக்கித் திக்கி ஓடுச்சு. பாவம் அத்தான், வீட்டுக்காகத் தன் ஆசையை எல்லாம் விட்டுட்டாரேன்னு நினைச்சு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேலை கிடைச்சதும் முதல் சம்பளத்துல உங்களுக்கு நல்ல கார்டா ஒண்ணு வாங்கித் தர்றேன்."

கிதே சுட்ட கறியையெல்லாம் மச்சான் தட்டுக்குத் தள்ளினான். இந்தப் பிள்ளையையா ஒரு வாரம் திருடனாகப் பார்த்தோம் என்று கூசிப்போனான். ஷூவும் நேர்முகத் தேர்வுக்குப் போட்டுப்போக அம்மா வாங்கிக் கொடுத்ததாம். திருடியது யாராக இருந்தாலும் இருக்கட்டும், இன்ஹேயிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீடு திரும்பினான்.

அவள் தன் கம்ப்யூட்டரில் நேற்றைய கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அருகில் போய் நின்றான்.

"இன்ஹே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சத்தியத்தை மீறிட்டேன். ரெண்டு பொருள் வாங்கினேன். இப்போ பிராசஸர் வாங்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..."

இன்ஹே திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"பிராசஸர் வேண்டாங்க, முதல்ல நல்ல பவர் சப்ளையா ஒண்ணு வாங்குங்க. நீங்க வாங்கின கார்டை என் கம்ப்யூட்டர்ல இருக்கிறது தாங்க மாட்டேங்குது."