பெரியவர், பத்தடி

துணியை விலக்க இன்னும் பத்து நிமிடம்.

வனக்காப்பாளர் சடையன் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூடியிருந்த துணியையே அண்ணாந்து பார்த்தார்.

“இத்தன ஒல்லியா நிக்கறாரே. தும்பிக்கையத் தூக்கி வெச்சிருக்கறாருங்களா?”

சிலையைச் செய்தவன் சிரித்தான்.

பிறகு சிரிப்பதை நிறுத்தினான்.

தும்பிக்கை.

பணி ஆணையில் ‘சோதனைச் சாவடி அருகே சிற்பம், ஒன்று’ என்றுதான் இருந்தது. விவரங்களுக்கு வனக்காப்பாளரை அணுகவும்.

அணுகினான். ஃபோனில்.

பெரியவர் சிலைங்க, என்றார் சடையன்.

எந்தப் பெரியவர்?

இங்க நின்னுக்கிட்டுப் பேர் சொல்ல மாட்டமுங்க.

மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

வயது? அறுபது இருக்குமுங்க. உயரம்? பத்தடி. சிலைக்குச் சரியான உயரம்தான். குணம்? சாதுங்க, கோபம் வந்தா மட்டும் ஊரே ஓடும். பெரிய மனிதர்கள் அப்படித்தான். குடும்பம்? பெருசுங்க, ஆனா இவரு தனியாத்தான் திரிவாரு. தினமும் இந்த வழியாத்தான் தண்ணிக்குப் போவாரு.

அதனால் சிலையின் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தான்.

காட்டில் நின்றுகொண்டு யானையை யானை என்று சொல்ல மாட்டார்கள். இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்வதற்கும் அந்தச் சொல் வேண்டுமே.

ஐந்து நிமிடம்.

இது பிடித்துப்போனால் மலையில் இன்னும் ஐந்து சாவடிகள். ஐந்தும் அவனுக்கே. பிடிக்காவிட்டால் மச்சானின் டைல்ஸ் கடை. மச்சான் யூனிஃபார்மே தைத்து வைத்துவிட்டார். அளவு சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மழை வரலாம். இடி விழலாம். சிலை மேலேயே விழலாம்.

வேண்டிக்கொள்ள ஒரு சாமியைத் தேடினான். பிள்ளையார் மட்டும்தான் நினைவுக்கு வந்தார்.

அவரிடம் இதைக் கேட்க முகமில்லை.

ஜீப் வந்துவிட்டது.

மாவட்ட வன அலுவலர் இறங்கினார். கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். இழுத்தார்.

வேட்டி. துண்டு. பத்தடிக் கிழவர்.

ஒருவர் மட்டும் கைதட்டினார். பிறகு அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அலுவலர் அவனைப் பார்க்கவில்லை. சடையனைப் பார்த்தார்.

“என்னய்யா இது? இவரா பெரியவர்?”

சடையன் தலையைத் தூக்கி அந்த முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முப்பது வருடமாகத் தினமும் பெரியவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர் அவர் ஒருவர்தான்.

சடையன் தொப்பியைக் கழற்றினார்.

“கண்ணு அவரேதாங்கய்யா. காதுதான் கொஞ்சம் சின்னதாப் போச்சு.”

அலுவலர் நெருங்கி வந்தார்.

காதை மட்டும் உற்றுப் பார்த்தார்.