முதல் பக்கத்தில் லசினா

"உன் புருஷன் ஓடிப்போயிட்டானாமே, நபின்து!"

அபிஜான் நகரத்தின் யோபுகோன் சந்தை முனையில், பேப்பர் கடையைச் சுற்றி வழக்கமான கூட்டம். ஒன்றையும் வாங்காமல், தொங்கும் தலைப்புகளைப் படித்தே சண்டை போடுகிறவர்கள்.

தேர்தல் முடிந்ததிலிருந்து நாட்டுக்கு இரண்டு ஜனாதிபதிகள். 'தேசக்குரல்' பேப்பர் ஒருவர்தான் ஜெயித்தார் என்றது. 'புது விடியல்' மற்றவர் என்றது. பேப்பரில் அடித்துக்கொண்டது போதாதென்று இப்போது தெருவில் துப்பாக்கி.

நபின்துவின் கணவன் லசினா 'புது விடியல்' நிருபர். 'தேசக்குரல்' ஆதரித்தவரின் ஆயுதக் கும்பல் அவனை வீடு வீடாகத் தேடியது. அவன் எங்கே என்று அவளுக்கே தெரியாது.

இன்றைய 'தேசக்குரல்' முதல் பக்கம்: "கோழை லசினா வடக்கே ஓட்டம்! கட்டிய மனைவியையும் கைவிட்டான்!"

"கவலைப்படாதே அக்கா, வேற மாப்பிள்ளை பாத்துடலாம்!" கூட்டம் சிரித்தது.

நபின்து பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு நேரே 'தேசக்குரல்' ஆசிரியர் ஜெஜேயின் வீட்டுக்குப் போனாள். லசினாவைத் திட்டித் திட்டியே பேப்பர் விற்ற மனுஷன்.

"வெளியே வாய்யா! என் புருஷன் ஓடினதை நீ பாத்தியா?"

ஜெஜே தெருவை இருபுறமும் பார்த்தார். "கத்தாதேம்மா. உள்ளே வா."

"ஏன், உன் யோக்கியதை ஊருக்குத் தெரியக்கூடாதா?"

இழுக்காத குறையாக அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

பாயில் உட்கார்ந்து, வறுத்த மீனும் மரவள்ளிச் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் லசினா.



"இவருதான் தன் கார்ல படுக்கவெச்சுக் கூட்டிட்டு வந்தாரு" என்றான் லசினா. "'தேசக்குரல்' வண்டின்னு சாலைத் தடுப்புல சல்யூட் அடிச்சு விட்டாங்க!"

அவள் ஜெஜேயைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "தெரிஞ்சா உங்களையும் சேத்துக் கொளுத்திடுவாங்களே, அண்ணே!"

"அதான் வடக்கே ஓடிட்டான்னு போட்டோம். காலையிலேர்ந்து தேடறதை நிறுத்திட்டாங்க."

"சரி. பொண்டாட்டியைக் கைவிட்டான்னுமா போடணும்?"

ஜெஜே சங்கடமாக நெளிந்தார். "நான் வேண்டாம்னுதாம்மா சொன்னேன்..."

லசினா தட்டைக் கீழே வைத்தான்.

"அந்த வரியை நான்தான் எழுதினேன், நபின்து. கைவிட்டுப் போனவனோட பொண்டாட்டியைப் பிடிச்சு வெச்சு அவங்களுக்கு என்ன லாபம்? இனிமே உன் வாசலுக்கு எவனும் வரமாட்டான்."