முட்டி சொன்னது பொய்யில்லை

சமையல்காரர் சடகோபனின் வலது முட்டி ஆறு மாதமாக வலியில் அழுதது. அவரும் தைலம் தேய்த்தார், பட்டை மாட்டினார். மூன்று முறை எக்ஸ்ரே எடுத்தும் கோளாறு எதுவும் தெரியவில்லை.

“படத்துலதான் ஒண்ணுமில்லையே, ஏன் இப்படி நடிக்கிறே?” என்றது தொடை. முட்டிக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

புதிதாக வந்த டாக்டரம்மா, “சம்மணம் போட்டு உட்காருங்க ஐயா” என்றார். சடகோபனால் முடியவில்லை; முட்டி மடங்கியது, இடுப்புதான் திரும்ப மறுத்தது.

“முட்டி பாவம். இடுப்புல கோளாறுன்னாலும் முட்டியில வலிக்கும். இடுப்பைப் படம் எடுங்க” என்றார் டாக்டரம்மா.

படத்தில் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது.

முட்டிக்கு வலி குறையவில்லை. ஆனாலும் அப்பாடா என்றிருந்தது. “நீதானா அது? இத்தனை நாள் ஏன் வாயே திறக்கலை?” என்று இடுப்பைக் கேட்டது.

“நான் எதுக்கு? எனக்கும் சேர்த்து நீதான் அழுதுகிட்டிருந்தியே!” என்றது இடுப்பு.