‘கோச்’ மட்டும் இருக்கட்டும்

அறைக் கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பிரியந்தனின் பெயரை, பராமரிப்பு வேலை பார்க்கும் அமிர்தநாதர் பிளேட்டால் சுரண்டுகிறார். உள்ளே, பதினோரு வருடம் இருந்த கதிரையில் பிரியந்தன் இன்னும் இருக்கிறான். பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்போல் அணியின் தலைமைப் பயிற்றுநர் வேலை இன்று காலையில்தான் பறிபோனது. நவம்பர் வெயிலில், மடியில் கிடக்கும் விசில் மினுங்குகிறது. சுரண்டிய எழுத்துகள் சுருண்டு சுருண்டு கம்பளத்தில் விழுகின்றன. “எங்கடை ஃபுட்போல் கோச் எண்டு சேர்ச்சில எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான் தம்பி,” என்கிறார் அவர், வேலையிலிருந்து கண்ணெடுக்காமல். “பேந்துதான் தெரியும், உது கையால எறியிற பந்தாம். உதைக்கத் தெரியாத ஆளை என்னெண்டு இவ்வளவு காலம் வைச்சிருந்தவங்கள்?” ‘கோச்’ என்ற சொல்லுக்கு வந்ததும் பிளேட் நிற்கிறது. “உந்தச் சொல்லை விடச் சொன்னவை. புது ஆளும் கோச்தானே, அது காணுமாம்.” பிறகு புதுப் பெயரை எடுத்துக் கண்ணாடியில் பொருத்திப் பிடிக்கிறார். “எழும்பி வந்து, நேரா இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்.” பிரியந்தன் வெளியே வந்து பெயரைப் பார்க்கிறான். ரயன். பிரியந்தனே மன்றாடி வேலை வாங்கிக் கொடுத்த உதவிப் பயிற்றுநர். காலையில் அவனைக் கட்டிப்பிடித்து அழுதவன். பெயரின் இடது பக்கம் நூலளவு சரிந்திருக்கிறது. ஆட்டக்காரரைக் கோட்டில் நிறுத்தியே பழகிய கண் அதை விடுவதாயில்லை. “லெஃப்ற் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கோ, அங்கிள்.”